பத்தாவது ஆள் எடுக்கிற போட்டோ

எங்கள் சீட்டுக் கழகத்தில் ஒரு கேடுகெட்ட வழக்கம் இருக்கிறது. எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ தெரியாது. வருடாந்தரப் போக்கர் போட்டியில் கடைசியாக மிஞ்சும் ஒன்பது பேருக்குப் பரிசு. அந்த ஒன்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் அந்தப் போட்டோவை எடுக்க வேண்டியவர் பத்தாவதாக வெளியேறியவர். காலையிலிருந்து முதுகு ஒடிய உட்கார்ந்து, அத்தனை பேரையும் தாண்டி வந்து, பரிசுக்கு ஒரே ஒரு படி கீழே வழுக்கி விழுந்த மனுஷர் கையில் கேமராவைத் திணித்து, "எங்களைக் கொஞ்சம் அழகா எடுங்க" என்பார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் நிற்பவனிடம் போய்ப் பந்தி பரிமாறச் சொல்கிற மாதிரி.

அந்தச் சுவரில் கடைசியாக மாட்டிய நான்கு போட்டோக்களில் மூன்றை எடுத்தவர் என் வீட்டுக்காரர்.

கழகத்தில் அவருக்குப் பேரே 'போட்டோக்காரர்' என்று ஆகிவிட்டது. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருப்பார். அதை அவர்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட்டைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. ஒரு போல்ட்டை மூன்று முறை முடுக்கிப் பார்ப்பார். அந்த வேலைக்கு அதுதான் அழகு. அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் என்றால் நானே கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். ஆனால் மனுஷர் சீட்டாட்டத்திலும் அப்படித்தான். ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ வரும்வரை வாயைத் திறக்க மாட்டார். வந்த சீட்டை ஒருமுறை பார்ப்பார், திரும்ப ஒருமுறை பார்ப்பார், கவிழ்த்துத் தள்ளிவிடுவார். கேட்டால், "பதறாத காரியம் சிதறாது" என்பார். பதறாமலே சிதறிப்போகிற காரியமும் உண்டு என்று எத்தனை தடவை சொல்வது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். "பக்கத்துல உட்கார்ந்து கத்துற வேலை" என்பாள் என் மகள். உண்மைதான். பச்சை விளக்கு விழுந்த பிறகும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காத ஆட்களோடு என் நாள் கழிகிறது. வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒருவர்.

போக்கரில் பயந்தவனுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இரண்டு பேர் முறைவைத்து நடுவில் பந்தயமாகச் சில்லு வைத்தாக வேண்டும். அதற்கு பிளைண்ட் என்று பெயர். நேரம் ஆக ஆக அது ஏறிக்கொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கையிருப்பு கரையும். பத்துப் பேர் மிஞ்சி, ஒன்பது பேருக்குப் பரிசு என்ற கட்டம் வரும்போது, வேறு எவனாவது ஒழியட்டும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்போதுதான் நாம் ஏற்ற வேண்டும். கையில் குப்பை இருந்தாலும் சரி, பந்தயத்தை ஏற்றினால் போதும், எல்லோரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார்கள். நடுவில் கிடக்கிற பிளைண்ட் நமக்கு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. அப்படிப் பயந்தவன் திருப்பி ஏற்றினால், மறுபேச்சு இல்லாமல் நாம் கவிழ்த்துவிட வேண்டும். சாது மிரண்டால் காடு கொள்ளாது. அவன் கையில் வெயிட்டான சீட்டு இருக்கிறது என்று அர்த்தம். இதையும் நான் வீட்டில் சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, தண்ணீர்க் குழாய் ரிப்பேர்க்காரருக்குக் காத்திருக்கும்போது என்று ஓயாமல் சொல்லியிருக்கிறேன். அவர் போர்வையின் ஓரத்தை ஓரத்தோடு பொருத்தி மடித்துக்கொண்டே "ம்" என்பார்.

போட்டி அன்று காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தபோது மகள் வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மா, ஒண்ணு கேட்டா திட்டக்கூடாது."

"திட்டுற மாதிரி இருந்தா திட்டத்தான் செய்வேன். கேளு."

"அப்பா ஒரே ஒரு தடவை அந்த போட்டோல வரட்டுமே. ஒரே மேஜைல உட்கார்ந்தா நீ கொஞ்சம் பார்த்து ஆடக்கூடாதா? நீ மனசு வச்சா முடியும்."

"அதுக்குப் பேரு திருட்டு ஆட்டம். ரெண்டு பேரையும் கழகத்தை விட்டே தூக்கிடுவாங்க" என்றேன். "அதுவும் இல்லாம, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அந்தச் சுவர்ப் பக்கமே போக மாட்டார். போய் வேலையைப் பாரு."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

படியிறங்கும்போது அவர் சொன்னார், "இன்னிக்கு என்னைப் பார்த்து எதையும் விட்டுக்கொடுக்காதே."

"நான் எதுக்கு விட்டுக்கொடுக்கப் போறேன். உங்க சில்லு எல்லாம் சாயங்காலம் என்கிட்டதான் இருக்கும்."

"அப்படியே இருக்கட்டும்" என்றார். சட்டைக் கையை மடித்துவிட்டு, தெருக்கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். மூன்று முறை.

கழகம் ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பஸ் பணிமனை. சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மற்ற மேஜைகளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, மிஞ்சிய பத்துப் பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்தார்கள். இடத்துக்குக் குலுக்கல். எனக்கு இடப்பக்கம் மருந்துக்கடை அக்கா. அவருக்கு அடுத்து என் வீட்டுக்காரர்.

போக்கர் தெரிந்தவர்களுக்கு இது என்ன மாதிரி இடம் என்று புரியும். சீட்டுப் போடும் முறை என்னிடம் வரும்போதெல்லாம் அடுத்த இரண்டு பேர்தான் பிளைண்ட் வைக்க வேண்டும். மருந்துக்கடை அக்கா, டாக்டர் சீட்டில் ஒரு புள்ளி குறைந்தாலும் மாத்திரை தராதவர். என் வீட்டுக்காரர் போல்ட்டை மூன்று முறை முடுக்குபவர். கடவுள் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரராக இல்லாமல் இருந்திருந்தால் எனக்குச் சிரிப்பே வந்திருக்கும்.

எதிரே பல் டாக்டர். பேசிக்கொண்டே இருப்பார். நோயாளிகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பதால் வந்த பழக்கமாக இருக்கும். "புருஷன் பொண்டாட்டி ஒரே மேஜைல. பார்த்துக்கோங்க செயலாளரே" என்றார்.

செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க உங்க சீட்டைப் பாருங்க டாக்டர்" என்றார்.

முதல் சுற்றில் என் முறை வந்தது. எனக்கு வந்தது ஆறும் இரண்டும். ஏற்றினேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கவிழ்த்தார். என் வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார், கவிழ்த்தார். சில்லுகளை வாரிக்கொண்டேன்.

அடுத்த சுற்றிலும் அதேதான். அதற்கடுத்த சுற்றிலும். நடுவில் மற்றவர்களிடமும் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மேஜையில் சுலபமான இரை அவர்கள் இருவரும்தான். காலையில் நல்ல சீட்டாக வந்து என் வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருந்த அடுக்கு, என் கண் முன்னால் குட்டையாகிக்கொண்டே வந்தது. அவர் அதை உயரவாரியாகச் சரிபார்த்துச் சரிபார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று விட்டால்தான் என்ன என்று தோன்றாமல் இல்லை. அப்படித் தோன்றியதும் என் மேலேயே எரிச்சல் வந்தது. விடு என்று கேட்டாரா அந்த மனுஷர்? விடாதே என்றல்லவா சொன்னார். ஏற்றினேன்.

"என்னம்மா, வீட்டுக்காரர்னுகூடப் பார்க்காம உரிச்சு எடுக்கிறீங்க" என்றார் பல் டாக்டர்.

"உங்க முறை வரும், அப்ப உங்களையும் உரிப்பேன்" என்றேன்.

பத்துப் பேரும் அப்படியே இருந்தார்கள். ஒருவரும் வெளியே போவதாக இல்லை. பிளைண்ட் மறுபடி ஏறியது. மறுபடி என் முறை. எல்லோரும் கவிழ்த்து என்னிடம் வந்தபோது சீட்டின் ஓரத்தை நிமிர்த்திப் பார்த்தேன். ஏஸ். பக்கத்தில் ராணி. அன்று சாயங்காலம் எனக்கு வந்த உருப்படியான முதல் சீட்டு. குப்பைக்கு எப்படி ஏற்றினேனோ அதே மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஏற்றினேன்.

அக்கா கவிழ்த்தார்.

என் வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்தார். ஒரே ஒருமுறை. பிறகு இரண்டு கையாலும் தன் அடுக்கு மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

"மொத்தமும்" என்றார்.

அந்த மனுஷர் மொத்தத்தையும் தள்ளி அந்தக் கழகத்தில் யாரும் பார்த்ததில்லை. பல் டாக்டரே வாயை மூடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் என் சீட்டை மறுபடி பார்த்தேன். ஏஸ் ராணி அழகான சீட்டுதான். வேறு எவன் தள்ளியிருந்தாலும் பார்த்துவிடுவோம் வா என்றிருப்பேன். ஆனால் தள்ளியது யார்? எனக்குத் தெரிந்து இவர் தள்ளினால் அது ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, மிஞ்சிப் போனால் ஏஸும் ராஜாவும். எதன் முன்னாலும் என் ராணி சேவகம் செய்யத்தான் லாயக்கு. நான் போட்டுத் தோற்றால் என் குவியலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சாது மிரண்டால் கவிழ்த்துவிடு. இவ்வளவு வருஷம் நானே ஓதிய மந்திரம். நினைத்துப் பார்த்தேன், ஜெயித்தால் அவர் கையில் கேமரா வரும் என்ற எண்ணமும் ஓரமாக வந்து போனது. வந்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகக் கவிழ்க்கவில்லை. பயந்துதான் கவிழ்த்தேன்.

சீட்டை நடுவில் தள்ளினேன்.

"வீட்டுல சமாதானம் வேணுமில்ல" என்றார் பல் டாக்டர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மருந்துக்கடை அக்கா தலையைக் குனிந்துகொண்டு புன்னகைத்தார்.

என் வீட்டுக்காரர் சில்லுகளை வாரிக்கொள்ளவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஜெயித்த களை ஒரு துளிகூட இல்லை. ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த முகம். பிறகு, காட்ட வேண்டிய அவசியமே இல்லாத தன் இரண்டு சீட்டையும் மெதுவாகத் திருப்பி மேஜைமேல் வைத்தார்.

ஒன்பது. நாலு. இரண்டும் வேறு வேறு நிறம்.

எனக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு சீட்டு எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். புரிந்ததும் உள்ளங்காலிலிருந்து ஏறியது பாருங்கள் ஒரு கோபம், நாற்காலி பின்னால் சாயும்படி எழுந்துவிட்டேன்.

"உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா? ஒன்பதும் நாலும். ஒன்பதும் நாலும் வச்சுக்கிட்டு மொத்தத்தையும் தள்ளுவீங்களா? கேஸ் மூடியிருக்கான்னு படுத்தவர் எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிற ஆளு. லிஃப்ட்ல ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்தா கட்டடத்தையே காலி பண்ணச் சொல்ற ஆளு." கவிழ்ந்து கிடந்த என் சீட்டைப் பொறுக்கியெடுத்து அவர் முன்னால் வீசினேன். "பாருங்க. நல்லாப் பாருங்க. ஏஸ் ராணி. உங்க மேல இருந்த மரியாதைக்குத் தூக்கிப் போட்டேன். இந்த மனுஷன் தப்பித்தவறிக்கூடப் பொய் சொல்ல மாட்டார்னு நம்பிப் போட்டேன். நல்லா வச்சீங்க எனக்கு ஆப்பு."

"அம்மா, உட்காருங்க" என்றார் செயலாளர். "சீட்டை வீசக்கூடாது. இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா ஒரு சுற்று வெளியில நிக்க வேண்டியிருக்கும்."

"நிக்கறேன். எனக்கென்ன காலா வலிக்குது? சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்டேன், வீட்டுலயே ட்யூஷன் எடுத்திருக்கேன் இந்த ஆளுக்கு. நிக்காம என்ன பண்றது?"

நிற்கவைத்துவிட்டார்கள்.

ஜன்னலோரம் போய் நின்று, பணிமனையில் பஸ் கழுவுவதை முறைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் எனக்கு விழுந்த சீட்டைப் பார்க்காமலே தள்ளிவிடும் சத்தம் கேட்டது. என் சீட்டு, என் கண்ணில் படாமலே போனது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். திரும்பினால் என் வீட்டுக்காரர். தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். நான் அங்கே தண்டனையில் நிற்கிறேன், இவருக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்கு கச்சேரி என்று நினைத்துக்கொண்டேன்.

சிரித்து முடித்தவர் அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி மொத்தத்தையும் தள்ளினார்.

"ஓஹோ, ருசி கண்ட பூனையா" என்றார் பல் டாக்டர். "ஒரு தடவைதான் ஏமாறுவோம் போட்டோக்காரரே. ஒவ்வொரு தடவையும் பயந்து ஓட நான் என்ன உங்க சம்சாரமா?" என்று தன்னுடையதையும் மொத்தமாகத் தள்ளிச் சீட்டைத் திருப்பினார். ஏஸும் பத்தும்.

என் வீட்டுக்காரர் திருப்பியது ராஜா ஜோடி.

இருவருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகளும் மேஜையில் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் ஜன்னலை விட்டு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏஸ் வரவில்லை, ராஜா ஜோடி ஜெயித்தது. செயலாளர் இருவருடைய சில்லையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பல் டாக்டருடையதுதான் குறைவு. டாக்டர் எழுந்து கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டார். அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்து வந்தார் செயலாளர்.

என் வீட்டுக்காரர் எழுந்தவர், பழக்க தோஷத்தில் கேமராவுக்குக் கையை நீட்டிவிட்டார். மருந்துக்கடை அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு, "நீங்க இந்தப் பக்கம் வாங்க" என்று வரிசைக்கு இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டே.

வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்றார். பல் டாக்டர் கேமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபமிருந்தாலும் நியாயம் நியாயம்தானே. "டாக்டரை மாட்டிவிடத்தானே அந்தச் சீட்டைக் காட்டினீங்க? பொய்யைக் காட்டி வச்சா அடுத்த தடவை நிஜத்தை நம்ப மாட்டாங்க. நல்ல கணக்குதான்" என்றேன், முன்னால் பார்த்தபடியே.

"டாக்டர் ஞாபகமே எனக்கு அப்ப இல்ல" என்றார்.

"பின்ன எதுக்குக் காட்டினீங்க?"

"காலைல நம்ம பொண்ணு உன்கிட்ட கேட்டது என் காதுல விழுந்துச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ கவிழ்த்ததும் எனக்கு மனசே விட்டுப்போச்சு. பரிதாபப்பட்டு விட்டுட்டியோன்னு. நேரா கேட்டா இல்லன்னுதான் சொல்லுவே. அதான் சீட்டைத் திருப்பி வச்சுட்டு உன் முகத்தைப் பார்த்தேன்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நீ மட்டும் அப்ப சிரிச்சிருந்தேன்னா, சில்லை அப்படியே விட்டுட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன்" என்றார்.

என் கோபத்தை என் அம்மா குறை சொன்னாள், என் மகள் கேலி செய்கிறாள், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பாதியிலேயே ஓடியிருக்கிறார்கள். இந்த மனுஷர் அதைப் பார்த்துத்தான் தான் ஜெயித்ததை நம்பியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் அந்த ஒன்பதும் நாலும் கண்ணை விட்டுப் போகவில்லை. முகம் உர்ரென்றுதான் இருந்தது, என்ன செய்தும் இறங்கவில்லை.

"எல்லாரும் ரெடியா" என்றார் பல் டாக்டர். கேமராவுக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க மட்டும் கொஞ்சம் சிரிங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வேணாம் டாக்டர். அவ சிரிக்க வேணாம். இப்படியே எடுங்க."